அப்பா கழற்றி வைத்த மூன்றாவது சட்டி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் பாக்கியில்லை. "நல்லதை மட்டும் எழுது" என்றார்கள். "கலப்பை சமாச்சாரத்தைத் தொடாதே, செத்தவருக்கு மரியாதை இல்லை" என்றார்கள். நான் தொடத்தான் போகிறேன். அப்பாவின் மரியாதையே அந்தக் கலப்பையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். மலரை மூடி வைத்துவிட்டுப் பந்திக்குப் போகிறவர்களும் போகலாம், சாப்பாடு நன்றாகவே இருக்கும்.

சென்ற ஆண்டு வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த நேரம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்தவரிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கமான மனுசனுங்க. ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நெனைக்க மாட்டாரு. என்ன, தன் வண்டிக்கு எந்தக் கலப்பை போடணும்னுதேன் அவருக்குத் தெரியாமப் போச்சு, பாவம்." திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். 'பாவம்' என்றாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்த நான் அழுகையை நிறுத்தியது அந்தச் சொல்லைக் கேட்டுத்தான். அன்றைக்கே இதை எழுதுவதென்று முடிவு செய்தேன்.

அப்பா பிறந்தது எங்கள் மலைக் கிராமமான கூக்காலில். தாத்தாவுக்கு இரண்டு ஆண் மக்கள், மூத்தவர் பெரியப்பா, இளையவர் அப்பா. அப்பாவுக்கு ஒன்பது வயதாகும்போது தாத்தா காலமாகிவிட்டார். அப்போது பெரியப்பாவுக்கே பதினேழு வயதுதான். படிப்பை நிறுத்திவிட்டு ஏர் பிடித்து, தன் தம்பியை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தவர் அவர்தான். தம்பிக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் வெறுங்காலோடு நடந்தவர். இதை நான் மறைக்கவில்லை. இனிமேல் எழுதப்போவதற்கெல்லாம் காரணமே இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்ததும் அப்பா கோடைக்கானலுக்குப் போய் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு டிராக்டர் இருந்தது. அப்போதே அது பழையது, கப்பலில் வந்து இறங்கிய வண்டி, இருபத்தைந்து குதிரைச் சக்தி. முதலில் அதைக் கழுவ விட்டார்கள், பிறகு எண்ணெய் போட விட்டார்கள், அப்புறம் ஓட்ட விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அதோடு கிடந்தார். பேத்துப்பாறையிலிருந்து அம்மாவைக் கைப்பிடித்ததும், நான் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் பண்ணையை மூடினார்கள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். அப்பா தன் சேமிப்பையெல்லாம் கொடுத்து அதை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு கூக்காலுக்கு வந்து சேர்ந்தார். ஊரே ஏரிக்கரையில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பெரியப்பா வண்டிக்குத் தேங்காய் உடைத்தார். அன்றைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் முகத்திலும் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு எந்த நாளிலும் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கத்தை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சித்திரையில் நல்ல நாள் பார்த்து, உருளைக்கிழங்கு நடவுக்கு முன்னால், ஏரிக்கு மேற்கே உள்ள பொது நிலத்தில் ஆண்டின் முதல் உழவாகப் பொன்னேர் பூட்டுவார்கள். ஊரின் எல்லா ஏர்களும் வரிசையாக நிற்கும். யார் வீட்டில் ஏர் அதிகமோ அந்த வீடு முதலில் போகும். எங்கள் வீடு மூன்று ஏர் வீடு. தாத்தா காலத்திலிருந்து முதல் சால், அதாவது முதல் உழவுக்கோடு, எங்களுடையது. மூன்று ஜோடி மாட்டுக்குப் பதிலாக ஒரு டிராக்டர் வந்தபோது, அதற்குப் பின்னால் என்ன மாட்டுவது என்ற கேள்வி வந்தது.

டிராக்டருக்கு மாட்டுவது சட்டிக் கலப்பை. சாப்பாட்டுச் சட்டி இல்லை, தாம்பாளம் போல் குழிந்த இரும்பு வட்டு. இரண்டு வட்டு இருந்தால் இரண்டு சட்டி, மூன்று இருந்தால் மூன்று சட்டி. பெரியப்பா தன் மனதில் ஒரு கணக்குப் போட்டார். ஒரு சட்டி ஒரு ஏர். மூன்று ஏர் வீட்டுக்கு மூன்று சட்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிழங்கு ஏற்றிப்போன லாரியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அதே லாரியில் மூன்று சட்டிக் கலப்பை வந்தது. நீலப் பெயிண்ட் அடித்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இனி நான் சொல்வதை அந்த ஊர்ப் பெரியவரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தக் கலப்பை அந்த வண்டிக்கு ஆகாது என்று அப்பாவுக்குத் தெரியும். தெரியும் என்றால் ஏதோ மனதில் பட்டது என்று அர்த்தமில்லை, அளந்து பார்த்துத் தெரிந்தது. எனக்குத் தெரிந்து அப்பா அதை இரண்டு முறை பெரியப்பாவிடம் சொன்னார்.

முதல் முறை, கலப்பையை இறக்கிய அன்று சாயங்காலம், எங்கள் வீட்டில். அம்மா காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இந்த வண்டி கீழ் நாட்டுல, பொலபொலன்னு இருக்கிற மண்ணுல ரெண்டு சட்டி தாராளமா இழுக்கும். மூணு அங்கேயே கஷ்டம். நம்ம ஊரு மண்ணு ஈரம் பட்டா பிடிச்சுக்கிரும். அதுலயும் மலைக்கு மேல இஞ்சினுக்குப் பலம் கொறையும்ணே."

பெரியப்பா சிரித்தார். "ஏலே, ரெண்டு மாடு ஒரு ஏர இழுக்குது. ஆறு மாடு மூணு ஏர இழுக்குது. உன் வண்டி இருபத்தஞ்சு குதிரைன்னு நீதான சொன்ன? இருபத்தஞ்சு குதிரைக்கு மூணு சட்டி பாரமா?"

"குதிரையும் மலை ஏறுனா மூச்சு வாங்கும்ல? இஞ்சினும் காத்தக் குடிச்சுத்தேன் ஓடுது. இங்க காத்து மெலிசு. அஞ்சுல ஒரு பங்கு பலம் மலையடிவாரத்துலயே கெடக்குண்ணே. மாடுன்னா பத்தாததுக்கு இன்னொரு ஜோடி பூட்டலாம். இதுக்கு எதைப் பூட்டுறது?"

"அதெல்லாம் இழுக்கும், போ" என்று பெரியப்பா காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வெள்ளனே அப்பா வண்டியை எங்கள் கீழ்நிலத்துக்குக் கொண்டுபோனார். பெரிய சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அம்மாவை வண்டியோடு நடந்து காலடி எண்ணச் சொன்னார். கலப்பை மண்ணில் படாமல் சக்கரம் பத்துச் சுற்று சுற்ற, அம்மா எண்ணிய காலடி ஐம்பது. ஒரு சட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு சட்டியை மண்ணில் இறக்கினார். பத்துச் சுற்றுக்கு நாற்பத்து மூன்று காலடி. சக்கரம் கொஞ்சம் வழுக்கும், அந்த அளவு வழுக்கல் நல்லதுதான் என்றாராம். பிறகு மூன்று சட்டியையும் மாட்டி இறக்கினார். பத்துச் சுற்றுக்கு இருபத்தெட்டே காலடி. சக்கரம் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி நின்ற இடத்தில் சுற்றியிருக்கிறது. புகைக்குழாயில் கரும்புகை. முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்ததாம். அம்மா இன்றும் அந்த மூன்று எண்ணையும் மறக்கவில்லை. ஐம்பது, நாற்பத்து மூன்று, இருபத்தெட்டு. யார் வேண்டுமானாலும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த எண்களைக் கொண்டுபோய் அப்பா சொன்னது இரண்டாவது முறை. பெரியப்பா அதற்குச் சொன்ன பதில் இதுதான்: "மூணு ஏர் வீடு ரெண்டு ஏரா போய் நிக்கிறதா? அதுக்கு நான் மாட்டையே பூட்டிட்டுப் போயிருவேன். அடி எண்ணுற சோலியெல்லாம் வேணாம், மூணையும் மாட்டு." அப்பா மாட்டினார். செருப்பு வாங்கிக் கொடுத்த அண்ணன் சொன்னால் மாட்டாமல் என்ன செய்வார்?

பொன்னேர் அன்று எங்கள் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது. சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து கூடியிருந்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது, நானும் பெண்களோடு வரப்பில் நின்றேன். அப்பா பெரியப்பாவின் காலில் விழுந்து எழுந்து, வண்டியில் ஏறிக் கலப்பையை இறக்கினார். முந்தின இரண்டு நாளும் தூறல் விழுந்திருந்தது. இருபது முப்பது அடி நன்றாகத்தான் போனது. பிறகு இஞ்சின் முனகியது. சக்கரம் நின்ற இடத்தில் மண்ணைத் தோண்டியது. "நிப்பாட்டாதலே! விடு! ஆக்ஸிலேட்டரக் குடு!" என்று பெரியப்பா வரப்பிலிருந்து கத்தினார். முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பி இறங்கின. கிளட்ச் கருகும் வாடை எங்கள் வரைக்கும் வந்தது. பாதிச் சாலில் வண்டி நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு ஏர் வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் மீது குற்றமில்லை, நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஊர் கேட்கப் பெரியப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். "ஓட்டத் தெரியாதவன நம்பினது என் தப்புப்பா. கலப்பையும் அவன் சொன்னதத்தேன் வாங்குனேன்."

அப்பா வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு இறங்கிச் சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைத் தட்டத் தொடங்கினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு 'அரைச்சால் வீடு' என்று பெயர். சாவு வீட்டில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான். என்னைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தவர்கள்கூட, "அரைச்சால் வீடு எதுங்க?" என்று வழி கேட்டுத்தான் வந்தார்கள். அவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது, எங்கள் வீட்டுப் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்று என் கணவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். நான் இன்னும் சிரிக்கவில்லை.

கருகிய கிளட்சை மாற்றி வண்டியை எழுப்ப அப்பாவுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த வருடம் எங்கள் நடவு பிந்தி, விளைச்சலும் போயிற்று. வண்டி எழுந்த அன்று அப்பா ஸ்பானரை எடுத்து மூன்றாவது சட்டியைக் கழற்றினார். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக் கொட்டகை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு இரண்டு சட்டியோடு எங்கள் நிலத்தை உழுதார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் கூக்காலில் அந்த வண்டி உழாத நிலம் குறைவு. ஒரு தடவைகூடப் பாதிச் சாலில் நிற்கவில்லை. அரைச்சால் என்று சிரித்தவர்களே, "எங்க காட்டுக்கு எப்பங்க வருவீங்க? வெரசா வாங்க, மழை வந்துரும்" என்று எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா எல்லோருக்கும் போனார். நானாக இருந்தால் இரண்டு பேரையாவது காக்க வைத்திருப்பேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமும் சித்திரையில் அப்பா முதலில் உழுதது பெரியப்பாவின் நிலத்தை. அதன் பிறகுதான் எங்கள் நிலம். பெரியப்பா அந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். பொன்னேருக்கு மட்டும் பழையபடி மாடு பூட்டிக்கொண்டு போவார். அப்பா அந்த வரிசைக்கு டிராக்டரைக் கொண்டுபோகவே இல்லை.

 ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "நீங்க சொன்னதக் கேட்டுத்தேன் வாங்குனேன்னு பெரியப்பா ஊரறியப் பொய் சொல்லிட்டாருப்பா. நீங்க ஏன் உண்மையச் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன் சொன்னாத்தேன் அது உண்மைன்னு ஊரு கேக்கும். நான் சொன்னா அது பங்காளிச் சண்டை. போ, சோலியப் பாரு."

பெருமையாகச் சொல்கிறேன், அப்பா சொன்ன பேச்சை நான் கேட்டதே இல்லை. இதிலும் கேட்கவில்லை. அப்பா ஒருநாளும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லாதவர். அவருக்கும் சேர்த்து நான் சொல்கிறேன். அப்பா அப்பவே சொன்னார். வண்டியின் பலம் தெரிந்து, மண்ணின் பிடி தெரிந்து, மலையின் உயரம் தெரிந்து, காலடி அளந்து சொன்னார். கலப்பை தெரியாதவர் அப்பா இல்லை.

கடைசி இரண்டு வருடம் அப்பாவுக்கு நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்பும் விடவில்லை. பஸ் வராத நாளில் கோடை ஆஸ்பத்திரிக்குக் காய்கறி லாரியில் போயிருக்கிறோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதெல்லாம், "எனக்கும் இப்ப ரெண்டு சட்டிதேன்" என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பார். ஒரு விடியற்காலையில் அம்மா காபியோடு போனபோது அப்பா எழுந்திருக்கவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன லாரிக்காரத் தம்பிகளுக்கும், அங்கே கவனித்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், சுடுகாடு வரை தோள் கொடுத்த ஊராருக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. 'பாவம்' என்ற பெரியவருக்கும் நன்றி. அவர் சொல்லாவிட்டால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே கட்டுரை முடிந்திருக்க வேண்டும். இதுவரை உள்ள பக்கங்களைப் பழனியில் அச்சடித்து முடித்துவிட்டார்கள். பின் அட்டைக்கு முந்தின பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. அச்சான தாள்களை வாங்கிவரப் போன பெரியப்பா மகன், அதாவது எங்கள் அண்ணன், வழியில் படித்துப் பார்த்துவிட்டுத் தாள்களை நேரே தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பெரியப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அண்ணனை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தப் பொன்னேருக்குப் பிறகு சாவுக்குத் தவிர அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஒரு வரியைக்கூட எடுக்க மாட்டேன் என்று சொல்வதற்கு வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டே நின்றேன்.

அவர் உட்காரவில்லை. "ஏத்தா, அந்தச் சட்டி எங்க கெடக்கு?" என்று கேட்டார்.

கொட்டகைக்குக் கூட்டிப்போய் உத்திரத்தைக் காட்டினேன். அண்ணன் ஏறி இறக்கிக் கொடுத்தார். பெரியப்பா சாக்கைப் பிரித்து அந்த இரும்பைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. 

பிறகு, "நீ எழுதினதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"எதுங்க பெரியப்பா?" என்றேன். 

"ரெண்டு தடவ சொன்னான்னு எழுதியிருக்க. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதேன். லாரியில வரையிலேயே சொன்னான். கொண்டையூசி வளைவுல லாரி மொனகவும், 'பாருங்கண்ணே, லாரிக்கே மூச்சு முட்டுது, நம்ம வண்டி மூணு இழுக்குமா'ன்னான். அது ஒண்ணு. பொன்னேர் அன்னிக்கு என் கால்ல விழுந்தான்ல? எந்திரிக்கையில எங்காதுல சொன்னான். 'அண்ணே, இப்பக்கூட ஒண்ணைக் கழட்டிரலாம்'னு. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். அதையும் சேத்தா எத்தனை?"

"நாலு" என்றேன்.

"நாலு தடவ சொன்னான். நான் கேக்கல. என் பேரக் காப்பாத்துறேன்னு எங்கயும் மழுப்பாத. திருத்து."

"அந்தப் பக்கம் அச்சாயிருச்சுங்க பெரியப்பா."

"அதனால என்ன? கடைசியில எழுது" என்று சொல்லிவிட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே, இந்த மலரை வாசிப்பவர்கள் முன் பக்கத்தில் 'இரண்டு முறை' என்று அச்சாகியிருப்பதைத் திருத்தி வாசிக்க வேண்டுகிறேன். அப்பா நான்கு முறை சொன்னார்.